குளத்தோடு ஒரு வீடு, குடிக்கூலிக்கு

'இரண்டு படுக்கையறை, கார் நிறுத்த இடம், 24 மணி நேரத் தண்ணீர், லிஃப்ட், ஜிம், நீச்சல்குளம். குடும்பத்தினர் மட்டும். சைவம் மட்டும்.' சென்னையிலோ பெங்களூரிலோ வாடகை வீடு தேடி அலைந்தவர்கள் இப்படி ஒரு விளம்பரத்தையாவது பார்த்திருப்பார்கள். இதில் சாதி எங்கே இருக்கிறது என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. 'சைவம் மட்டும்' என்பதில் இருக்கிறது என்று சொன்னால் அவர்கள்கூட ஒத்துக்கொள்வார்கள். நான் சொல்ல வருவது, அதற்கு முன்னால் அப்பாவியாக உட்கார்ந்திருக்கும் 'நீச்சல்குளம்' என்ற வார்த்தையிலும் சாதி இருக்கிறது என்பது. இன்னும் சரியாகச் சொன்னால், பழைய ஊர் முழுசாக அந்த வார்த்தைக்குள் குடியேறியிருக்கிறது.

இதைப் பேச ஆரம்பித்ததும் நம் பக்கத்திலிருந்தே ஒரு குரல் வரும். 'குடிக்கத் தண்ணி இல்லாத சேரிக்கு நீச்சல்குளம் ஒரு பிரச்சினையா தோழர்? நாலு பேர் படிச்சு மேல போய் ஃபிளாட்டு எடுக்கிறான், அவனுக்கு மறுத்தா அது அவன் சொந்தப் பிரச்சினை. சனங்க பிரச்சினை கிடையாது.' இந்தக் குரலை நான் மதிக்கிறேன். ஆனால் 1927 மார்ச் 20இல் மகாடில் சவுதார் குளத்துக்கு ஆயிரக்கணக்கான பேரோடு போன அம்பேத்கர் என்ன சொன்னார்? இந்தத் தண்ணியைக் குடிக்காவிட்டால் நாம் செத்துவிடப் போவதில்லை, மற்றவர்களைப் போல நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டத்தான் போகிறோம் என்ற பொருளில்தான் பேசினார். தாகம் மட்டும்தான் பிரச்சினை என்றால் சேரிக்கு ஒரு தனிக் குழாய் போட்டு முடித்துவிடலாம். அப்படித்தானே நூறு வருடமாக முடித்துக்கொண்டு வருகிறார்கள்?

தமிழ் படித்தவன் என்பதால் வார்த்தையிலிருந்தே தொடங்குகிறேன். குடிநீர்க் குளத்துக்கு நம் மொழியில் 'ஊருணி' என்று பெயர். ஊர் உண்ணும் நீர். பண்டிதர்கள் இதை எவ்வளவு அழகான சொல் என்று மெச்சுவார்கள். ஆனால் எங்கள் விரிஞ்சிபுரம் பக்கம் 'ஊர்' என்றால் என்ன அர்த்தம் என்று காலனியில் இருக்கிற எந்தப் பிள்ளையையும் கேளுங்கள். 'ஊர்ல பால் வாங்கிட்டு வா' என்றால் அது சாதி இந்துக்களின் தெரு. நாம் இருப்பது ஊர் இல்லை, சேரி. ஆக ஊருணி என்ற சொல்லிலேயே, யார் உண்ணக்கூடாது என்பதும் எழுதாமல் எழுதப்பட்டிருக்கிறது.

எழுதியும் வைத்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் எழுதிவைத்த கிராமங்களின் கல்வெட்டுகளைப் படித்தால், வரியில்லாத நிலங்களின் பட்டியல் வரும். ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு, பறைச்சுடுகாடு. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் செதுக்கிய பட்டியல். இன்றைக்கு அடுக்குமாடி கட்டுகிற கம்பெனியின் வண்ணக் காகிதத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளேயே கோயில், உள்ளேயே குளம், உள்ளேயே கடை, சுற்றி மதில், வாசலில் காவல். சேரி என்ற சொல் மட்டும் பட்டியலில் இல்லை. அது மதிலுக்கு வெளியே இருக்கிறது. காலையில் ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்து, பாத்திரம் தேய்த்து, குளத்தைக் கூட்டிக் கழுவிவிட்டுச் சாயந்தரம் வெளியே போகிறது.

*

வீட்டு வாடகையைப் பழைய ஆட்கள் 'குடிக்கூலி' என்பார்கள். குடியிருப்பதற்குக் கொடுக்கிற கூலி. நம் சனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கூலி வாங்கியே பழகியவர்கள். கூலி கொடுக்கிற இடத்துக்கு ஒருத்தன் வந்து நின்றதும்தான் சிக்கல் தொடங்குகிறது.

என் சித்தப்பா ஆம்பூர் தோல் ஷாப்பில் முப்பது வருடம் வேலை செய்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோன மனுசன். அவர் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஓ.எம்.ஆர். பக்கம் வீடு பார்த்தான். புரோக்கர் காட்டிய வீடு பிடித்திருந்தது. அட்வான்ஸ் பேசி முடிந்த பிறகு வீட்டுக்காரர் போனில் வந்தார்.

'நேட்டிவ் எங்க தம்பி?'

'விரிஞ்சிபுரம் சார். வேலூர் பக்கம்.'

'அட, கோயில் ஊராச்சே. எந்தத் தெரு?'

'பஸ் ஸ்டாப்புகிட்ட சார்.'

'அப்பா என்ன பண்றார்?'

'தோல் ஷாப்புல இருந்தாரு சார்.'

மறுநாள் புரோக்கர் கூப்பிட்டார். 'தப்பா நினைக்காதீங்க சார், ஓனரோட சொந்தக்காரங்களே வர்றாங்களாம்.' இரண்டு மாதம் கழித்தும் அந்த வீடு காலியாகத்தான் கிடந்தது என்று அதே புரோக்கர்தான் சொன்னார்.

இதில் எங்காவது 'நீ என்ன சாதி' என்ற கேள்வி வந்ததா? வரவில்லை. தெரு கேட்டால் போதும். கோயில் இருக்கிற ஊரில் தெரு என்பதே சாதியின் முகவரிதான். எங்கள் ஊர்ச் சாமிக்கு மார்க்கபந்தீசுவரர் என்று பெயர், தமிழில் வழித்துணைநாதர். வழிப்போக்கருக்குத் துணையாக வருகிறவர் என்பார்கள். என் தம்பிக்கு அவர் ஓ.எம்.ஆர். வரைக்கும் துணைக்கு வரவில்லை.

பிறகு வெளிநாட்டில் இருக்கிற ஒருவரின் வீடு கிடைத்தது. அவருக்குத் தெரு தேவைப்படவில்லை, முதல் தேதி பணம் வந்தால் போதும். நீச்சல்குளம் இருக்கிற அடுக்குமாடி. ஆறு மாதம் பிள்ளை குளத்தில் நீந்தியது. ஒருநாள் மராமத்துக் கணக்குப் பேச வந்த சங்கத்துக்காரர் கூடத்தில் மாட்டியிருந்த அம்பேத்கர் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் சங்கத்திலிருந்து ஒரு சர்க்குலர். 'குளம் உரிமையாளர் குடும்பத்துக்கு மட்டுமே. வாடகைதாரர்கள் பயன்படுத்துவது முறையல்ல.' சரி, எல்லா வாடகைதாரருக்கும்தானே என்று தம்பி பொறுத்துக்கொண்டான். எதிர் வீட்டிலும் வாடகைக்காரர்தான். அந்த வீட்டுப் பிள்ளைகள் எப்போதும்போல நீந்திக்கொண்டிருந்தார்கள். 'ஏம்பா நம்மள மட்டும் விடமாட்றாங்க?' என்று ஐந்து வயதுக் குழந்தை கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. என்னிடம் போன் பண்ணிக் கேட்டான், 'நீ சொல்லுண்ணா, இன்னா சொல்றது அதுகிட்ட?' என்று.

மகாடில் நம் ஆட்கள் குளத்தைத் தொட்ட பிறகு சாதி இந்துக்கள் 108 பானையில் சாணி, மூத்திரம், பால், தயிர் ஊற்றிக் குளத்தைத் 'தீட்டுக் கழித்தார்கள்.' இன்றைக்கு 108 பானை தேவையில்லை. ஒரு சர்க்குலர் போதும்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை, ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஆதாரமும் இருக்கிறது. பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவும் 2012இல் டில்லி, ஃபரிதாபாத், காசியாபாத், குர்கான், நொய்டா நகரங்களில் வாடகை வீட்டுக்காரர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2015இல் 'எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி'யில் வெளிவந்தன. போனில் கேட்டபோது மேல்சாதிப் பெயர் சொன்னவர்களுக்குக் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வீடு உண்டு. தலித் பெயர் சொன்னவர்களில் 100க்கு 18 பேருக்கு நேரடி மறுப்பு. முஸ்லிம் பெயர் சொன்னவர்களில் 100க்கு 31 பேருக்கு. நிபந்தனை போட்டு இழுத்தடித்தது தனிக் கணக்கு. எங்கள் பக்கத்து ஆட்கள் இந்த 31ஐக் கவனிக்க வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் முதலாளியும் தொழிலாளியுமாக எதிரெதிரே நிற்கிற இரண்டு வீட்டுப் பிள்ளைகளும், பெருநகரத்தில் வாடகை வீட்டு வாசலில் ஒரே பதிலைத்தான் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

படிப்பு வந்தால், சம்பளம் வந்தால் இதெல்லாம் மாறிவிடும் என்கிறார்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போன அம்பேத்கரைவிடவா நாம் படித்துவிட்டோம்? அவருக்கு அந்த நகரத்தில் வாடகைக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில், நாளுக்கு ஒன்றரை ரூபாய்க்கு, பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கும்பல் வந்து நின்றது. சாயந்தரத்துக்குள் காலி பண்ணு என்றது. இடம் கேட்டுப் போன இரண்டு நண்பர்களும், ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர், ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். ஐந்து மணி நேரம் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். தடி போய்ச் சர்க்குலர் வந்திருக்கிறது. நூறு வருட முன்னேற்றம் இவ்வளவுதான்.

*

இப்போது சட்டத்துக்கு வருவோம். நம் முன்னோர்கள் குளத்தைத் திறக்கப் போராடிய கணக்கு சின்னது இல்லை. மகாடுக்கு மூன்று வருடம் முன்பே, 1924இல், சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத்தெரு, பொதுக்கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் எந்த வகுப்பாரையும் தடுக்கக்கூடாது என்று அந்த வருடமே அரசாணையும் வந்தது. மகாட் வழக்கு 1937 வரை நடந்து பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பானது. 1950இல் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், குளிக்கும் படித்துறை என்று பெயர் சொல்லியே எழுதியது.

ஆனால் அந்தப் பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. முழுவதுமாகவோ பகுதியாகவோ அரசுப் பணத்தில் பராமரிக்கப்படுவது, அல்லது பொதுமக்களுக்கென்று விடப்பட்டது. அந்தக் குளங்களைத்தான் அது திறந்தது. உடனே சாதி என்ன செய்தது? குளத்தைத் தன் வீட்டுக்குள் தோண்டிக்கொண்டது. பொதுக்குளம் எல்லோருக்கும் திறந்த அன்றைக்கே அந்தப் பொதுக்குளம் சாக்கடையானது, மதிலுக்குள் நீலத் தண்ணியில் புதுக்குளம் வந்தது.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் 1949இல் செயின்ட் லூயிஸ் நகரத்துக் குளத்தில் கறுப்பினப் பிள்ளைகள் இறங்கியதற்காகக் கலவரம் நடந்தது. 1964 ஜூன் 18இல் ஃபுளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் என்ற ஊரில், கறுப்பினத்தவரும் வெள்ளைக்காரரும் சேர்ந்து ஒரு விடுதிக் குளத்தில் குதித்தபோது விடுதிக்காரர் அமிலத்தைத் தண்ணியில் ஊற்றினார். ஜாக்சன் நகராட்சி கறுப்பினத்தவரோடு பகிர்வதைவிடக் குளங்களை மூடுவதே மேல் என்று மூடியது. 1971இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதைச் சரி என்றது. வெள்ளையர்கள் தங்கள் குடியிருப்புக்குள்ளும் கிளப்புக்குள்ளும் தனிக் குளம் கட்டிக்கொண்டார்கள். ஆனால் அங்கே ஒன்று நடந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், தனியார் வீட்டை வாடகைக்கு விடுவதிலும் விற்பதிலும் இனம் பார்ப்பதைத் தடுக்கிற சட்டம் வந்தது. 2023இல் சியாட்டில் நகர மன்றம் சாதியையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. வேலை, வீடு, பொது இடம் எதிலும் அங்கே சாதி பார்க்கக்கூடாது.

தமிழ்நாட்டில்? வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றி 2017இல் ஒரு சட்டம் கொண்டுவந்து 2019இல் நடைமுறைப்படுத்தினார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது என்றெல்லாம் சொல்கிறது. சாதியின் பேரால், மதத்தின் பேரால் வீடு மறுக்கக்கூடாது என்று ஒரு வரி கிடையாது. சமூகநீதி மண் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்களுக்கு அந்த ஒரு வரி எழுத மை இல்லை. நீதிமன்றமோ 2005இல், அகமதாபாத்தில் ஒரு வீட்டுவசதிச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கும் என்று விதி வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் பண்பாட்டைக் காப்பது வேறு. அந்தத் தீர்ப்பு திறந்த கதவில் யார் நுழைவார்கள் என்று நீதிபதிகளுக்குத் தெரியாதா?

இருக்கிற சட்டத்தையாவது நாம் எடுத்தோமா என்பதும் ஒரு கேள்வி. 1955ஆம் வருடத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவை வழக்கறிஞர் தோழர்கள் மறுபடியும் படிக்க வேண்டும். ஆறு, கிணறு, குளம், படித்துறை அதில் இருக்கிறது. 'பொதுமக்களில் ஒரு பிரிவினர்' பயன்படுத்துகிற இடத்தில் தடுத்தாலும் குற்றம் என்று இருக்கிறது. எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீடு கட்ட, வாங்க, குடியிருக்கத் தடுப்பதும் அதே பிரிவில் இருக்கிறது. குளமும் வீடும் ஒரே பிரிவுக்குள்! அதைவிட முக்கியம் 12ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமையின் பேரில்தான் அந்தக் குற்றம் நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது எதிராளி. 'சொந்தக்காரங்க வர்றாங்க' என்று சொன்னவர் அந்தச் சொந்தக்காரரைக் கூண்டுக்குக் கூட்டிவரட்டும். தண்டனை ஆறு மாதம் வரை. அபராதம் 100 ரூபாயிலிருந்து 500 ரூபாய். ஒரு மாத மராமத்துக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு வராது. ஆனாலும் வழக்கு வழக்குதான்.

*

கடைசியாக, எங்கள் ஊர்த் தண்ணிக் கணக்கு. இது இல்லாமல் நீச்சல்குளக் கணக்கு முடியாது.

20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், இடுப்புக்கு மேல் 1.2 மீட்டர் ஆழம் உள்ள ஒரு குளத்துக்கு 2,40,000 லிட்டர் தண்ணி வேண்டும். 12,000 லிட்டர் லாரியில் 20 நடை. 2019இல் சென்னை வறண்டபோது ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணி போனது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அப்படிப்பட்ட பத்துக் குளத்துத் தண்ணி. அந்த ரயில் வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், காட்பாடி வழியாகத்தான் போனது. காவிரித் தண்ணி பாலாற்றங்கரை ஊர்களைத் தாண்டி ஓடியது. சென்னைக்குக் குடிதண்ணி கொடுப்பதை எதிர்க்கவில்லை. அங்கேயும் குடத்தோடு வரிசையில் நின்றது நம் சனங்கள்தான். ஆனால் ரயிலுக்கு வெளியே இருந்த பாலாறு ஏன் காய்ந்தும் கெட்டும் கிடந்தது என்று கேட்க வேண்டாமா?

1996 ஆகஸ்ட் 28இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் எல்லாம் இருக்கிறது. ஒரு கிலோ தோல் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணி. தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ். கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பதை நாட்டுக்கே சட்டமாக்கிய தீர்ப்பு அது. அப்போது எங்கள் மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். பிறகு அந்தப் பெயரும் போனது, ஆறும் மீளவில்லை. 2015 ஜனவரி 31இல் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் தோல் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். 2025 ஜனவரி 30இல் அதே உச்ச நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. 29 வருடம்!

பட்டியல் சாதியினர் வழக்கமாகப் பயன்படுத்துகிற நீர்நிலையைக் கெடுப்பது 1989ஆம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரிந்து நாடே பதைத்தது. 2025இல் போலீஸ் அந்தத் தண்ணியைக் குடித்த மக்களிலேயே மூன்று பேர்மேல் குற்றப்பத்திரிகை போட்டது. பாலாற்றில் குரோமியம் கலந்தவர்கள்மேல் அந்தச் சட்டத்தில் எத்தனை வழக்குப் போட்டார்கள்?

ஆக, இந்தத் தண்ணிக்கு மூன்று தட்டு இருக்கிறது. மேல்தட்டில் நீலக் குளம், அதில் இறங்க நமக்கு அனுமதியில்லை. நடுத்தட்டில் ஆறு, அதைத் தோலுக்கும் சாயத்துக்கும் விற்றுவிட்டார்கள். கீழ்த்தட்டில், அதே அடுக்குமாடியின் கழிவுநீர்த் தொட்டி. அதில் இறங்க மட்டும் நம்மைத் தேடி வந்து கூப்பிடுகிறார்கள். 1993 முதலான அரசுக் கணக்கிலேயே மலக்குழிச் சாவுகளில் முதலிடத்தில் இருக்கிற மாநிலம் தமிழ்நாடு. குளத்தின் விதியையும் குழியின் விதியையும் ஒரே கை எழுதுகிறது. குழிச் சாவை எதிர்த்துப் போராடுகிற நாம் குளத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டால், அந்தக் கையின் பாதி வேலையை நாமே மறைத்துக்கொடுக்கிறோம்.

அதனால் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். 2017 வாடகைச் சட்டத்தைத் திருத்து. சாதி, மதம், உணவு காரணமாக வீடு மறுப்பதையும், அப்படி விளம்பரம் செய்வதையும் குற்றமாக்கு. வீட்டோடு வருகிற பொது வசதி குடியிருப்பவருக்கே என்று எழுது. அதை மீறும் விதியை வைத்திருக்கிற குடியிருப்புச் சங்கத்தின் பதிவை ரத்து செய். டில்லியில் தோரட் குழு செய்த சோதனையைச் சென்னையிலும் கோவையிலும் வேலூரிலும் மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையமே செய்யட்டும். அதுவரை மாணவத் தோழர்கள் இரண்டிரண்டு பேராகப் போய் ஒரே வீட்டைக் கேளுங்கள். கிடைத்த பதிலை நாள், நேரத்தோடு எழுதிவையுங்கள். நம்மில் பலர் வேறு தெருப் பெயர் சொல்லி வீடு எடுத்திருக்கிறார்கள், படத்தைக் கழற்றி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லாதீர்கள். பிள்ளை குட்டியோடு இருப்பவர்கள் அவர்கள். அவர்களையும் பேச வையுங்கள், பெயர் போடாமலாவது எழுத வையுங்கள்.

என் தம்பி மகளுக்கு நான் சொன்ன பதில் இதுதான். 'அந்தக் குளத்துல எறங்கக்கூடாதுன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை கெடையாது பாப்பா. உங்க அப்பா கூலி குடுத்துதான் அங்க குடியிருக்காரு.' பிள்ளைக்குப் புரிந்ததா தெரியவில்லை. சட்டமன்றத்துக்கும் சங்கத்துக்கும் புரிய வைக்க வேண்டியது நம் பொறுப்பு.